சித்தப்பாவிடம் கணக்கு கேட்கப் போகிறேன்

மஸ்கட்

அன்பு மகள் கயல்விழிக்கு,

"சித்தப்பா மேல் வழக்கெல்லாம் வேண்டாம் அப்பா, நான் கல்விக் கடன் வாங்கிக்கொள்கிறேன்" என்று எழுதியிருந்தாய். உன் மனது எனக்குப் புரிகிறது. ஆனாலும் வக்கீல் நோட்டீஸ் போகத்தான் போகிறது. ஏன் என்பதை நீ என் வாயிலிருந்தே தெரிந்துகொள்.

வங்கி அனுப்பிய கணக்கு விவரத்தை வரி வரியாகப் பார்த்தேன். உன் படிப்புக்கென்று போட்டிருந்த 6 லட்சம் ரூபாய் வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே உன் சித்தப்பா முறித்திருக்கிறான். அதற்காக வட்டியையும் குறைத்திருக்கிறார்கள். அடுத்த வரியிலேயே மொத்தப் பணமும் அவன் சொந்தக் கணக்குக்குப் போயிருக்கிறது. விளைச்சல் பொய்த்தது, கடன்காரன் வாசலில் நிற்கிறான் என்று என் தம்பி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன். அவன் வாங்கியது புறவழிச்சாலை ஓரத்தில் ஒரு மனை!

நான் எழுதிக் கொடுத்த பவர் பத்திரம் என் சார்பில் வேலை பார்க்கத்தானே தவிர, என் பணத்தைத் தனதாக்கிக்கொள்ள அல்ல. கேட்கும்போது முகவர், அதாவது பவர் வாங்கி நம் சார்பில் வேலை பார்ப்பவர், முறையான கணக்கு ஒப்படைத்தாக வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 213ஆம் பிரிவு. கூடப் பிறந்தவனுக்கு அதில் விலக்கு இல்லை. பவரை ரத்து செய்து வங்கிக்கும் எழுத்தில் தெரிவித்துவிட்டேன்.

ஊர்ப் பெரியவர்கள் "பொங்கலுக்கு வா, உட்கார்ந்து பேசலாம்" என்கிறார்கள். முகவர் செய்த முறைகேடு நமக்குத் தெரியவந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். ஒவ்வொரு பொங்கலுக்கும் தள்ளிப்போட்டால் காலக்கெடு கையை விட்டுப் போய்விடும். பிறகு எந்த வக்கீலிடம் போனாலும் பயனில்லை.

இது போலீசுக்குப் போகக்கூடிய நம்பிக்கை மோசடியும்கூட. அவனை உள்ளே தள்ளுவது என் நோக்கம் இல்லை. உன் பணம் வர வேண்டும். அதனால் முதலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் அம்மா என் சார்பில் மனு கொடுப்பாள். வழக்குப் போடும் முன்பே லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்தில் பேசித் தீர்க்க வழி உண்டு, கட்டணம் கிடையாது. தவணையில் தருகிறேன் என்று அவன் அங்கே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால், அது சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம். மேல்முறையீடு இல்லை. தவணை தவறினால், அதை நீதிமன்றம் மூலம் வசூலிக்க நிறைவேற்று மனு போடலாம். திண்ணையில் கொடுக்கும் வாக்குக்கு இந்தப் பலம் ஏது? அதற்கும் மசியாமல் மனையை விற்கப் பார்த்தால், வழக்குப் போட்டு, தீர்ப்புக்கு முன்பே அதைப் பற்றுகை செய்ய, அதாவது விற்க முடியாமல் முடக்கி வைக்க, நீதிமன்றத்தைக் கேட்பேன்.

நீ செய்ய வேண்டியது ஒன்று உண்டு. "அடுத்த அறுப்புக்குள் பணத்தைப் போட்டுவிடுகிறேன்" என்று அவன் உனக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அழிக்காதே. அந்தக் கைப்பேசியையும் மாற்றாதே. மின்னணுச் சாட்சியத்தை நீதிமன்றம் ஏற்க, 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். வக்கீல் அதைக் கேட்பார்.

சித்தப்பா மகளிடம் எப்போதும் போலப் பேசு. அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. அப்பத்தாவிடம் நீ எதுவும் சொல்ல வேண்டாம்; அது என் பொறுப்பு. இந்தப் பருவக் கட்டணத்தை அனுப்பியிருக்கிறேன். கட்டியதும் ரசீதைப் படம் எடுத்து அனுப்பு.

அன்புடன்,
அப்பா