பேணி ஒன்று திருப்பித் தர வேண்டும்

மகன் வீட்டில் இருக்கிறான். மேல் அறையில் தூங்குகிறான். இதை எழுத உட்கார்ந்த பிறகும் இரண்டு தரம் படியேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அறைக் கதவைத் திறந்து வைத்திருக்கிறான். நான் கேட்கவில்லை, அவனாகத்தான் திறந்து வைத்தான்.

அவன் காணாமல் போய்த் திரும்பி வந்தது லண்டனில் ஆல்பர்டனிலும் வெம்பிளியிலும் இருக்கும் நம்மவர் எல்லோருக்கும் தெரியும். அவன் ஏன் போனான், எங்கே இருந்தான் என்பதை நான் எழுதப் போவதில்லை. பதினைந்து வயதுப் பிள்ளையின் கதை அவனுடையது. சொல்ல வேண்டுமென்று தோன்றினால் ஒருநாள் அவனே சொல்லட்டும். நான் நன்றி சொல்லத்தான் வந்தேன். நிறையப் பேருக்குச் சொல்ல வேண்டும். அதிலும், பெயர் தெரியாத ஒருவருக்கு.

முதலில் ஒரு வெட்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கால்வாயிலிருந்து ஐந்து நிமிட நடையில் பதினொரு வருடங்களாகக் குடியிருக்கிறோம். சின்ன வயதில் மகனுக்கு வட சுற்றுச் சாலைக்கு மேலே கால்வாய் போகும் இடம் மிகவும் பிடிக்கும். கீழே கார்கள் ஓட, மேலே பாலத்துத் தண்ணீரில் படகு ஊர்ந்து போவதைக் காட்டு காட்டு என்று கையைப் பிடித்து இழுப்பான். நான்தான் அங்கே போகாதே, போகாதே என்று தடுத்து வைத்தேன். தண்ணீருக்குப் பயந்ததை விட அங்கே வாழ்கிற மனிதர்களுக்குப் பயந்ததுதான் அதிகம். ஏழடிகூட அகலமில்லாத அந்த நீளப் படகுகளில் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. புகைபோக்கியில் புகை வருவதைப் பார்த்திருக்கிறேன். வீடு வாசல் இல்லாதவர்கள் என்று நானே பேர் வைத்துக்கொண்டேன்.

முதல் நாள் மாலை வீட்டுக்கு வந்த பொலிஸ் பெண் மிகவும் பணிவாகத்தான் பேசினார். ஆனால் அவர் ஆங்கிலத்தில் சொன்ன அந்த ஒரு சொல் எனக்குள்ளே 'காணாமல் போனவர்' என்று தமிழில்தான் வந்து விழுந்தது. எங்களில் யாருக்கு அது வெறும் சொல்? கிளிநொச்சியில் 2017 பெப்ரவரியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு வீதியோரம் உட்கார்ந்த தாய்மார் என் கண்முன்னே வந்துவிட்டார்கள். இத்தனை வருடமும் அவர்களுக்காக அழுதிருக்கிறேன். அவர்கள் எதைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்பது அன்று மாலைதான் தெரிந்தது. எனக்கு நாற்பத்தொரு மணி நேரம். அவர்களுக்கு?

இரண்டாம் இரவு ஒரு மணி இருக்கும். கணவரும் தம்பியும் ரயில் நிலையம் நிலையமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். வீட்டில் எனக்குக் காவலாக இருந்த மச்சாள் கண்ணயர்ந்துவிட்டாள். அன்றைக்கெல்லாம் எல்லோரும் என்னிடம் ஒன்றையே சொன்னார்கள்: "கால்வாய்ப் பக்கம் நீ போகாதே." ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லாததால்தான் போனேன்.

ஈலிங் ரோட்டுப் பாலத்தடியில் இறங்கி, கைபேசி வெளிச்சத்தைத் தண்ணீரில் அடித்துக்கொண்டு நடந்தேன். கறுப்புத் தண்ணீர். ஒரு பை மிதந்தால் நெஞ்சு நின்று போகும். ஒரு படகின் கதவு திறந்தது. எழுபது வயது மதிக்கத்தக்க ஒருவர், இரவு உடுப்புக்கு மேல் கனத்த கோட்டு மாட்டியபடி வெளியே வந்தார். நான் யார் என்று கேட்கவில்லை. மகனின் படம் அதற்கு முன்பே படகு படகாகப் போய்ச் சேர்ந்திருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர் படகின் கூரையில் கிடந்த நீளக் கழியை எடுத்தார். நுனியில் இரும்புக் கொக்கி. கரையைப் பிடித்துப் படகை இழுக்க எல்லோரும் வைத்திருக்கிற கழிதான். ஆனால் அந்த நேரத்தில் அது எதற்கு என்று எனக்கு விளங்கியது. முழங்கால் மடங்கிவிட்டது.

எனக்கு விளங்கிவிட்டது என்பது அவருக்கும் தெரிந்தது. ஒன்றும் பேசாமல் கரைக்கு இறங்கி வந்து, எனக்கும் தண்ணீருக்கும் நடுவில் நின்றுகொண்டார்.

"தண்ணீரை நான் பார்க்கிறேன், பிள்ளை. நீ பாதையைப் பார்."

அவர் சொன்னது 'லவ்'. இங்கே பஸ் ஓட்டுநரும் காய்கறிக் கடைக்காரரும் கூட யாரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள், அதில் ஒன்றுமில்லை. ஆனாலும் என் காதில் அது 'பிள்ளை' என்றுதான் விழுந்தது. ஊரில் எங்கள் அம்மப்பா கூப்பிட்ட மாதிரி.

கிரீன்ஃபோர்டு பக்கமாக நடந்தோம். ஒரு காலத்தில் குதிரைகள் கயிறு கட்டிப் படகுகளை இழுத்துப் போன பாதை அது. நான் புதரைப் பார்த்தேன், வாங்குகளைப் பார்த்தேன், பாலத்தடி இருட்டைப் பார்த்தேன். அவர் கழியோடு ஓரத்தில் வந்தார். நான் ஒரு தடவைகூடத் தலையைத் திருப்பவில்லை. திருப்ப வேண்டிய வேலையை அவர் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு பாலம் வரும்போதும் ஒரே ஒரு சொல் சொல்வார்: "இல்லை." அதற்கு மேல் ஒன்றுமில்லை. அடுத்த பாலம்: "இல்லை." தமிழில் எவ்வளவோ நல்ல சொற்கள் இருக்கின்றன. அன்றிரவு எனக்கு 'இல்லை'தான் தேவாரம்.

ஹார்ஸன்டன் குன்றுக்குக் கீழே வரும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். கௌலியிலிருந்து கேம்டன் வரைக்கும் இருபது மைலுக்கு மேல் இந்தக் கால்வாயில் படகை ஏற்றி இறக்குகிற மதகு ஒன்றும் கிடையாதாம். ஒரே மட்டம். தண்ணீர் கிட்டத்தட்ட அசையாமல்தான் நிற்கும், எதையும் அள்ளிக்கொண்டு போகாது என்றார். கேட்டதும் எனக்கு நடுங்கியது. இதை ஏன் என்னிடம் சொல்கிறார் என்று கோபமும் வந்தது. நாலைந்து அடி நடந்த பிறகுதான் புரிந்தது: பார்த்த இடம் பார்த்ததுதான், அதற்கு இனி நீ பயப்பட வேண்டாம் என்கிறார். நடக்க நடக்க எனக்குப் பின்னால் பயமில்லாத தூரம் நீண்டுகொண்டே வந்தது.

திரும்பி வரும் வழியில்தான் மற்றதைக் கவனித்தேன். போகும்போது இருட்டாகக் கிடந்த படகுகளில் ஒவ்வொன்றாகப் பாதைப் பக்க யன்னலில் விளக்கு எரிந்தது. ஒருவரும் வெளியே வரவில்லை. பிள்ளை அந்தப் பக்கம் வந்தால் வெளிச்சம் இருக்கட்டும் என்று ஏற்றியிருக்கிறார்கள். கார்த்திகை விளக்கீட்டுக்கு எங்கள் ஊர்ப் படலைகளில் வரிசையாகச் சிட்டி விளக்கு எரியும். அதற்குப் பிறகு அப்படியொரு வரிசையை நான் கண்டதில்லை.

விடியும்போது அவர் படகு வாசலில் என்னை உட்கார வைத்து, எனாமல் பேணியில் தேநீர் தந்தார். சீனி இல்லை, கசப்பு. ஒரு மிடறு குடித்திருப்பேன். கைபேசி அடித்தது. மற்றதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நான் எழுந்து ஓடினேன். நன்றி என்று ஒரு சொல் சொல்லவில்லை. வீட்டு வாசலில் வைத்து மச்சாள்தான் கேட்டாள், "கையில் என்ன பேணி?" என்று.

மகனைக் கண்டவர்களும் படகுக்காரர்கள்தான். நிலக்கரியும் டீசலும் எரிவாயு சிலிண்டரும் விற்றுக்கொண்டு போகிற படகு அது. மணிக்கு 4 மைலுக்கு மேல் அங்கே யாரும் ஓட்டக் கூடாது. அந்த நடைவேகத்தில் போனதால்தான் அவர்கள் கண்ணில் அவன் பட்டிருக்கிறான். பொலிஸ் வரும்வரை கேள்வி ஒன்றும் கேட்காமல் அவனைச் சாக்குகளை அடுக்கச் சொல்லி வேலை கொடுத்து வைத்திருந்தார்களாம். கெட்டிக்காரர்கள். அவர்களை நேரில் கண்டு காலைத் தொடாத குறையாக நன்றி சொல்லிவிட்டேன்.

பொலிஸாருக்கும், பள்ளி ஆசிரியர்களுக்கும், கடைக் கண்ணாடியெல்லாம் படம் ஒட்டவிட்ட ஈலிங் ரோட்டு வியாபாரிகளுக்கும், சமைத்து அனுப்பியவர்களுக்கும், தமிழ்ப் பள்ளிப் பெற்றோருக்கும், இரவு முழுக்கக் கார் ஓட்டிய தம்பியின் நண்பர்களுக்கும் ஒருவரையும் விடாமல் நன்றி. உங்கள் பாத்திரங்கள் கழுவி அடுக்கியிருக்கின்றன; வந்து எடுத்துக்கொள்ளுங்கள். ஈலிங் கனகதுர்க்கை அம்மனுக்கு வைத்த நேர்த்தியை முடித்தாயிற்று.

அந்தப் பெரியவரின் கணக்குத்தான் நிற்கிறது. எல்லாம் ஓய்ந்து, பேணியையும் ஒரு டப்பா பயற்றம் பணியாரத்தையும் எடுத்துக்கொண்டு நான் போக ஆறு நாளாகிவிட்டது. அந்த இடத்தில் வேறு படகு நின்றது. சொந்தமாகத் துறை இல்லாத படகுகள் ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாதாம். 1995-ஆம் ஆண்டிலிருந்து அது சட்டம். அவருடைய தவணை முடிந்து கயிற்றை அவிழ்த்துக்கொண்டு போயிருக்கிறார். அப்படிப் போக வேண்டியவர், போவதற்கு முந்திய நாட்களில் ஒன்றை எனக்காகத் தூங்காமல் கழித்திருக்கிறார். பெயர் கேட்கவில்லை. படகின் பெயரையும் படிக்கவில்லை. நான் பாதையைத்தானே பார்த்தேன்.

குடிதண்ணீர் பிடிக்க எல்லாப் படகும் வந்து நிற்கிற குழாயடியில் ஆங்கிலத்தில் ஒரு தாள் ஒட்டினேன்: பேணி என்னிடம் இருக்கிறது, மகன் வந்துவிட்டான் என்று. கம்பங்களில் ஒட்டிய காணவில்லை அறிவித்தல்கள் எத்தனையைக் கடந்து போயிருக்கிறேன், எத்தனை தரம் முகத்தைப் பார்க்காமல் பஸ் எண்ணைப் பார்த்திருக்கிறேன் என்பதெல்லாம் அந்தத் தாளை ஒட்டும்போது நினைவுக்கு வந்தது. இனிமேல் பஸ் போனால் போகட்டும். நின்று முகத்தைப் பார்ப்பேன். இது அம்மனுக்கு வைத்ததல்ல, அந்தக் குழாயடியில் வைத்த நேர்த்தி.

போன சனிக்கிழமை மகனும் கூட வந்தான். தாளின் அடியில் யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள்: "அக்ஸ்பிரிட்ஜ் தாண்டிப் போய்விட்டார். சொல்கிறேன்." மகன் அதை மூன்று தரம் படித்தான்.

பேணியை அவன்தான் கழுவினான். அடியில் பழைய தேயிலைக் கறை வளையமாகப் படிந்திருக்கிறது. அதைத் தேய்க்க வேண்டாம் என்றான், அது அவருடையதாம். தேய்க்காமல்தான் தட்டில் வைத்திருக்கிறோம்.