செயலாளரின் ஆண்டறிக்கை: 2025-26

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வந்திருக்கும் மாணவ மாணவியரே, வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். நம் சங்கத்தின் செயற்குழு மாதந்தோறும் கூடியது, மழையால் ஒரு மாதம் மட்டும் தள்ளிப்போனது. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்துவிட்டாலும் ராணிப்பேட்டை, திருப்பத்தூர் நண்பர்கள் இன்னும் நம்மோடுதான் இருக்கிறார்கள். சந்தா பாக்கி வைத்திருப்பவர்களும் மூன்று மாவட்டத்திலும் சமமாகவே இருக்கிறார்கள்.

இந்த ஆண்டு நாம் உருப்படியாகச் செய்த ஒரே வேலை, கல்லூரிகளில் விளையாட்டு மாணவர் ஆலோசனைக் குழு, அதாவது விளையாடும் மாணவர்களே தங்கள் குறைகளை நிர்வாகத்திடம் சொல்லும் குழு, அமைக்க முயன்றது. சத்துவாச்சாரி சதீஷ் சிவலிங்கம் காமன்வெல்த் போட்டிப் பளுதூக்குதலில் 2014-ல் கிளாஸ்கோவிலும் 2018-ல் கோல்டு கோஸ்ட்டிலும் 77 கிலோ பிரிவில் தங்கம் தூக்கினார். அந்த உயரத்துக்குப் போனவரிடம் எல்லோரும் கருத்துக் கேட்பார்கள். மண்டலப் போட்டியின் முதல் சுற்றிலேயே தோற்று, ராத்திரி பஸ்ஸில் நின்றுகொண்டே ஊர் திரும்பும் கபடிப் பையனிடம் யார் கேட்கிறார்கள்?

இது நாம் கண்டுபிடித்த யோசனை அல்ல. அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. 1989 மாநாட்டிலேயே மாணவ விளையாட்டு வீரர்களின் ஆலோசனைக் குழுவுக்கு ஒப்புதல் தந்தது. 1995-ல் உறுப்புக் கல்லூரி ஒவ்வொன்றிலும் அப்படி ஒரு குழு இருக்க வேண்டும் என்றும் விதித்துவிட்டார்கள். 2015-ல் அங்கே ஐந்து பெரிய கல்லூரிக் கூட்டமைப்புகள் கூடி முடிவெடுத்தபோது மொத்தம் 80 ஓட்டு. அதில் 65 கல்லூரிகளுக்கு, மீதி 15 மாணவர்கள் கையில். இங்கே 2022-ல் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் வீரர்கள் ஆணையத்துக்கு மேரி கோம் தலைவராகவும் நம் சென்னை டேபிள் டென்னிஸ் வீரர் சரத் கமல் துணைத் தலைவராகவும் தேர்வானார்கள். 2025 ஆகஸ்டில் நிறைவேறிய தேசிய விளையாட்டு ஆளுகைச் சட்டம், தேசிய விளையாட்டு அமைப்புகளில் வீரர்கள் குழு இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் அது கல்லூரி மைதானம் வரை இறங்கி வராது. அதனால்தான் நாமே கதவைத் தட்டினோம்.

மூன்று கல்லூரிகளை அணுகினோம். ஒன்றில் பதிலே இல்லை. இன்னொன்றில் குழு உடனே அமைந்தது. பட்டியலைப் பார்த்தால் நிர்வாகத்துக்குப் பிடித்த கேப்டன்களின் பெயர்கள் மட்டும். முதல் கூட்டத்தில் குறை எதுவும் இல்லை என்று தீர்மானம் போட்டார்கள்! அதைக் குழு என்று என்னால் எழுத முடியவில்லை.

மூன்றாவது கல்லூரியில்தான் விஷயம் நடந்தது. அணிக்கு ஒருவர், அந்தந்த அணியே ரகசிய ஓட்டில் தேர்ந்தெடுத்தது. முதல் கூட்டத்தில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. தப்பு நம் பக்கம்தான். நாம் நாலு பேர் போய் அந்தக் காலத்தில் கோட்டை மைதானத்தில் ஓடிய கதையை ஒரு மணி நேரம் பேசினோம். அடுத்த கூட்டத்துக்கு நாம் போகவில்லை. பி.டி. சாரும் டீ சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். அப்புறம்தான் பேச்சு வந்ததாம்.

முதல் புகார் வெயில். வேலூரில் மார்ச் மாதம் மாலை மூன்றரைக்குப் பயிற்சி என்றால் என்ன அர்த்தம் என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஐந்து மணிக்கு மாற்றலாம் என்று பையன்கள் சொன்னார்கள். அப்படியானால் விடுதிப் பெண்கள் ஆறு மணிக்குள் எப்படித் திரும்புவது என்று பால் பேட்மிண்டன் மாணவி கேட்டார். அந்தச் சிக்கல் இருப்பதே பையன்களுக்கு அதுவரை தெரியாது. கடைசியில் எல்லோருக்கும் காலை ஆறு மணி என்று முடிவானது. அதே மாணவிதான் உடை மாற்றும் அறைக்கு உள்தாழ்ப்பாள் வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். ஒரே வாரத்தில் போட்டுவிட்டார்கள். இத்தனை வருஷம் அதைக் கேட்க ஒருவரும் இல்லை, அவ்வளவுதான்.

அடுத்தது ஓ.டி., அதாவது போட்டிக்குப் போன நாளையும் வந்ததாகவே கணக்கிடும் ‘ஆன் டியூட்டி’. வருகைப் பதிவில் ஓ.டி. கிடைத்துவிடுகிறது. ஆனால் போட்டி நாளில் வந்த இன்டர்னல் பரீட்சைக்கு பூஜ்யம் விழுகிறது. பருவத் தொடக்கத்திலேயே போட்டி அட்டவணையைத் துறைத் தலைவர்களுக்குக் கொடுப்பது, தவறிய பரீட்சையைப் பத்து நாளுக்குள் மறுபடி வைப்பது என்று குழு கேட்டது. இரண்டு துறைகள் ஒப்புக்கொண்டுவிட்டன, மற்றவை யோசிக்கின்றன.

நம் பங்குக்கு அந்தக் கல்லூரியிடம் ஒரே ஒரு விதியைத்தான் வற்புறுத்தினோம்: குழு எழுதிக் கொடுக்கும் எதற்கும் முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் வர வேண்டும். முடியாது என்றாலும் சரி, காரணத்தோடு வரட்டும். சிலர் இது அதிகப்பிரசங்கித்தனம் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

தீராதது பேட்டா. போட்டிக்குப் போகும்போது மாணவர்கள் கைக்காசு போட்டுச் சாப்பிடுகிறார்கள், பணம் வர இரண்டு மூன்று மாதம் ஆகிறது. முன்பணமாகத் தரக் கோரிக் குழு எழுதிய கடிதத்துக்கு முப்பது நாள் கெடு வரும் வெள்ளிக்கிழமை முடிகிறது. அதன் நகல் வாசல் மேசையில் இருக்கிறது, படித்துப் பாருங்கள். அடுத்து பொருளாளர் கணக்கு வாசிப்பார்.