ஒரு கார்டு போட்டால் போதும்

கோவில்பட்டி,
செவ்வாய்க்கிழமை

அன்புள்ள பாப்பா,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, தைலத்தை மாற்றிப் பார்க்கிறோம். கிணற்றடி முருங்கை காற்றில் முறிந்துவிட்டது. பெரியத்தை வீட்டுக் காதுகுத்துக்குப் போய் ஐநூற்றொன்று மொய் எழுதினோம். நீ ஏன் வரவில்லை என்று நாலு பேர் கேட்டார்கள். வேலை என்று சொன்னேன்.

வேலைதானே?

நீ போன் செய்து பத்தொன்பது நாளாகிறது. அம்மா இருபத்தொன்று என்கிறாள். பால் கணக்கு எழுதும் காலண்டரில் புள்ளி வைத்திருக்கிறாள், அதனால் அவள் கணக்குத்தான் சரியாக இருக்கும். அன்றைக்கும் ஏதோ புது நம்பரிலிருந்து ஒரு நிமிஷம். "நல்லா இருக்கேன், அப்பாவை ஆபீஸ் விஷயம் போன்ல கேக்க வேண்டாம்னு சொல்லு" என்றாயாம். பழைய நம்பருக்கு நான் அனுப்புவதெல்லாம் ஒற்றை டிக்கிலேயே நிற்கிறது. சரி, போனில் கேட்கவில்லை. காகிதத்திலும் கேட்கப் போவதில்லை.

கடைசி மாமா மகன் பரீட்சை எழுத டெல்லி வந்தவன், உன்னைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று ஆபீசுக்கு வந்தானாம். கதவில் பூட்டு. கீழே டீக்கடையில் என்னவோ சொன்னார்களாம். அவன் அம்மாவிடம் சொன்னதை அம்மா என்னிடம் சொல்லவில்லை. ஆனால் அன்று ராத்திரி ரசத்தில் உப்பு போட மறந்துவிட்டாள். நாற்பது வருஷத்தில் இது இரண்டாவது தடவை.

வீட்டு வாடகை கட்டிவிட்டாயா? இன்கம்டாக்ஸ் ரிட்டர்ன் போட்டாயா? ரசீது எதையும் கிழித்துப் போடாதே. தேதிவாரியாக அடுக்கி, மாசத்துக்கு ஒரு கவர். யார் வந்து எதைக் கேட்டாலும் எழுத்தில் கேட்கச் சொல். எதை எடுத்துப் போனாலும் பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்கு. வக்கீலுக்கு நான் சட்டம் சொல்கிறேன் என்று சிரிக்காதே.

உங்கள் ஆபீசுக்கு வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறதா என்றும் கேட்கவில்லை. வந்தால் டெல்லி சன்சத் மார்க்கில் இருக்கிற ஸ்டேட் பேங்க் மெயின் கிளை ஒன்றில்தான் வர வேண்டும் என்று 2020-இல் சட்டத்தைத் திருத்தினார்கள், அது உனக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். தேசப் பாதுகாப்பு. கண் ஆஸ்பத்திரி நடத்துகிறவனும் அநாதைப் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறவனும் அந்த ஒரே வாசலில்தான் நிற்க வேண்டும். கட்சிகளுக்கு மட்டும் வேறு கணக்கு. இரண்டு பெரிய கட்சியும் வெளிநாட்டுப் பணச் சட்டத்தை மீறிவிட்டன என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2014-இல் சொன்னதும் என்ன செய்தார்கள்? வெளிநாட்டுப் பணம் என்பதன் அர்த்தத்தையே மாற்றினார்கள். 2018-இல் அந்த மாற்றம் 1976 ஆகஸ்ட் 5 முதலே செல்லும் என்று எழுதிவிட்டார்கள். நாற்பத்திரண்டு வருஷம் முன்தேதி! பேங்கில் ஒரு செக்கைப் பழைய தேதி போட்டுப் பாஸ் பண்ணினால் மறுநாள் மெமோ வரும். இதை எனக்குச் சொன்னவள் நீதான். எதிர்வீட்டு ரிட்டயர்டு தாசில்தாரிடம் நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. "யார் சொன்னா?" என்றார். "என் மகள்" என்றேன்.

2024 மார்ச்சில் நீ ஊருக்கு வந்திருந்தாயே, அந்த நாலு நாளை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். திண்ணையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, ஸ்டேட் பேங்கில் வாங்கிப் பெயர் வெளியே தெரியாமல் கட்சிகளுக்குக் கொடுத்த தேர்தல் பத்திரங்களின் பட்டியலைப் பார்த்தோம். இரண்டு பட்டியல். வாங்கினவன் ஒரு லெட்ஜர், மாற்றினவன் ஒரு லெட்ஜர், இரண்டையும் சேர்க்க நம்பர் இல்லை. ஜூன் 30 வரை அவகாசம் வேண்டும் என்று ஸ்டேட் பேங்க் கோர்ட்டில் கேட்டதைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் அம்மா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். ராத்திரி எத்தனை மணியானாலும் டாலி ஆகாமல் நாங்கள் வீட்டுக்குப் போனதில்லை, பாப்பா. பத்து பைசா இடித்ததற்காக ஒரு தீபாவளி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருக்கிறேன். மூன்று நாளில் நம்பரும் சேர்த்துக் கொடு என்று கோர்ட் இறுக்கிப் பிடித்ததும், 21-ஆம் தேதி எல்லாம் வந்துவிட்டது. கோயம்புத்தூர் லாட்டரி கம்பெனி ஃபியூச்சர் கேமிங் மட்டும் 1,368 கோடிக்கு வாங்கியிருந்தது. லாட்டரியை 2003-இல் தடை செய்த மாநிலம் இது. அந்தக் கம்பெனியிடமிருந்து தி.மு.க.வுக்கே 509 கோடி. மொத்தத்தில் பாதிக்குக் கிட்ட பி.ஜே.பி.க்குப் போயிருந்தது. நீ விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் காட்டினாய். இன்கம்டாக்ஸ் ரெய்டு எந்தத் தேதி, அமலாக்கத்துறை போனது எந்தத் தேதி, பத்திரம் வாங்கினது எந்தத் தேதி என்று பக்கத்தில் பென்சிலால் எழுதி வைத்திருந்தாய். எல்லாம் ஒன்றுக்கொன்று சம்பந்தம் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் கேட்காமலும் இருக்க முடியாது என்றாய். அப்போது உன் முகம் உன் ஆச்சி முகம் மாதிரியே இருந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எல்லோரும் பட்டியல் பார்த்தார்கள், கைதட்டினார்கள், வீட்டுக்குப் போனார்கள். நீ அதற்கு அப்புறம் ஜாமீனே கிடைக்காத சட்டத்தில் உள்ளே போனவர்களுக்கு ஓட ஆரம்பித்தாய். நம் பக்கத்துக் கலிங்கப்பட்டிக்காரர் வைகோவைப் பார். பயங்கரவாதத் தடுப்புக்கென்று வந்த பொடா சட்டத்தைப் பார்லிமெண்டில் ஆதரித்தவர். 2002-இல் திருமங்கலத்தில் ஒரு கூட்டத்தில் பேசியதற்காக அதே பொடாவில் பத்தொன்பது மாசம் வேலூரில் இருந்தார். எம்.பி.யாக இருந்தவருக்கே அப்படி. திருச்சிப் பக்கத்துப் பாதிரியார் ஸ்டேன் சுவாமிக்கு எண்பத்துமூன்று வயது, கை நடுக்கம், டம்ளரைப் பிடிக்க முடியாது. ஒரு உறிஞ்சுகுழல் வேண்டும் என்று கோர்ட்டில் மனு போட வேண்டியிருந்தது. ஜாமீன் வராமலே 2021 ஜூலையில் போய்ச் சேர்ந்தார். அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து நான் காபி குடிக்கும்போதெல்லாம் உன் நினைப்பு. உனக்கு முப்பத்தாறு வயதுதான், கை நடுங்காது. எனக்குத் தெரியும். இருந்தாலும்.

கதவை உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுத் தூங்கு. ரசீதுகளை எடுத்து வை.

அந்தத் திண்ணையில் நாம் ஒரு விஷயத்துக்கு முட்டிக்கொண்டோம், ஞாபகம் இருக்கிறதா? கொடுக்கிறவன் பெயரை வெளியே சொல்லலாமா, கணக்கு ரகசியம் என்று ஒன்று இல்லையா என்று நான் கேட்டேன். பெயர் தெரிந்தால் அடுத்து வருகிற ஆட்சி அவனைப் பழிவாங்காதா? அரசாங்கமும் கோர்ட்டில் அதைத்தான் சொன்னது. நீ சொன்னாய்: "பத்து ரூபா குடுக்கறவன் பயந்து ஒளிக்கிறான்பா. நூறு கோடி குடுக்கறவன் ஏன் ஒளிக்கணும்? குடுத்த இடத்துக்கு அவன் பேரு நல்லாத் தெரியும். தெரியாதது நமக்குத்தான். நம்ம போன்ல இருக்கறது அவங்களுக்குத் தெரியணும், அவங்க பெட்டியில இருக்கறது நமக்குத் தெரியக் கூடாதா?" நான் பதில் சொல்லாமல் எழுந்து உள்ளே போய்விட்டேன். அப்பாவுக்குக் கோபம் என்று நீ அம்மாவிடம் சொன்னாயாம். கோபம் இல்லை.

சைக்கிள் வாத்தியாரை உனக்குத் தெரியும். பத்தாம் வகுப்பில் உனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார், ஒரு ரூபாய் வாங்கவில்லை. அவர் வாசலில் மணி அடித்தால் நான் ஏன் கொல்லைப்பக்கம் போய்விடுகிறேன் என்று ஒருநாள் கேட்டாய். மாட்டுக்குத் தண்ணி காட்ட என்றேன். அப்போது நம்மிடம் மாடு இல்லை.

1976 பிப்ரவரி, எமர்ஜென்சி காலம். ஜனவரி 31-இல் சென்னையில் ஆட்சியைக் கலைத்துப் பத்து நாள் இருக்கும். நான் பேங்கில் சேர்ந்து ஒன்றரை வருஷம். மதியம் இரண்டு மணிக்குக் கவுண்ட்டர் அடைத்தாயிற்று. மேனேஜர் சாப்பிடப் போயிருந்தார். இரண்டு பேர் வந்தார்கள், ஒருவர் வேட்டி, ஒருவர் பேண்ட். அடையாள அட்டை எதுவும் காட்டவில்லை. ஸ்டேஷனிலிருந்து என்றார்கள், அவ்வளவுதான். வாத்தியார் கணக்கைப் பார்க்க வேண்டும் என்றார்கள்.

எழுத்தில் உத்தரவு இல்லாமல் காட்டக் கூடாது என்று எனக்குத் தெரியும். சேர்ந்த அன்றைக்கே ரகசியக் காப்புக்குக் கையெழுத்துப் போட்டவன் நான். மேனேஜர் வரட்டும் சார் என்று ஒரு வார்த்தை போதும். சொல்லவில்லை. லெட்ஜரை எடுத்து விரித்தேன். வேட்டிக்காரருக்குப் பக்கத்தைத் திருப்ப வரவில்லை, நானே திருப்பிக் கொடுத்தேன். தீப்பெட்டி ஆபீஸ் சங்கத்துச் சந்தா முழுவதும் அந்தக் கணக்கில்தான். எல்லாம் சில்லறை வரவு, ஏழு ரூபாய், பன்னிரண்டு ரூபாய். நடுவில் ஒரு வரி, ஐந்நூறு ரூபாய், மதுரை டிராஃப்ட். அவர் விரல் அங்கே வந்து நின்றது. நகக்கண்ணில் வெற்றிலைச் சுண்ணாம்பு. "இது யாரு குடுத்தது?"

லெட்ஜரில் பெயர் இருக்காது. தெரியாது சார் என்றிருந்தால் அது பொய்கூட இல்லை. நான் எழுந்து போய், பீரோவைத் திறந்து, அந்தத் தேதி வவுச்சர் கட்டை எடுத்து, நூலை அவிழ்த்து, செலானைத் தேடி அவர் கையில் கொடுத்தேன். அனுப்பியவர் பெயரை வாத்தியார் அழகாக எழுதியிருந்தார். வவுச்சரை எடு என்று அவர்கள் சொல்லவே இல்லை, பாப்பா.

மூன்றாம் நாள் விடியற்காலையில் வாத்தியாரைக் கொண்டுபோனார்கள். மிசா, விசாரணையே இல்லாமல் உள்ளே வைக்கிற சட்டம். மதுரைக்காரர் என்ன ஆனார் என்று இன்றுவரை நான் யாரிடமும் கேட்கவில்லை. அந்த வவுச்சரால்தான் என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. அதனால் அல்ல என்றும் யாரும் சொன்னதில்லை. ஒரு வருஷம் கழித்துத் திரும்பி வந்தவர் நேரே என் கவுண்ட்டருக்கு வந்து, "தம்பி, கணக்கு உசிரோட இருக்கா?" என்று சிரித்தார். பல் இரண்டு இல்லை.

அடுத்த மாசம், எழுபத்தேழு மார்ச் தேர்தலுக்கு முன்னால், ஒரு பெரிய முதலாளி ரொக்கம் எடுக்க வந்தார். கம்பெனிகள் கட்சிக்குப் பணம் கொடுக்கவே கூடாது என்று 1969-இலிருந்து சட்டம் இருந்த காலம். அந்தப் பணம் எங்கே போகிறது என்று ஊருக்கே தெரியும். மேனேஜர் ரூம் கதவைச் சாத்தி உள்ளே காபி போயிற்று. கட்டுகளை அம்பாசடர் டிக்கியில் கொண்டுபோய் அடுக்கியது நான்தான். அந்த லெட்ஜரைப் பார்க்க எந்த வேட்டிக்காரரும் வரவில்லை. வந்திருந்தால், மேனேஜர் வரட்டும் என்று கட்டாயம் சொல்லியிருப்பேன்.

மிசாவில் உள்ளே வைத்தது சட்டப்படிதானா என்று கோர்ட்டில் கேட்கக்கூட உரிமை கிடையாது என்று 1976 ஏப்ரலில் நாலு நீதிபதிகள் தீர்ப்பு எழுதினார்கள், அதில் ஒருவர் பெரிய சந்திரசூட், அது தப்பு என்று 2017-இல் எழுதினவர் அவர் மகனே என்று நீ ஒரு தடவை சாப்பிடும்போது சொன்னாய். தேர்தல் பத்திரத்தை ரத்து செய்ததும் அந்த மகன் தலைமையில்தான் என்றாய். நான் தலையை நிமிர்த்தாமல் மோரை ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அதெல்லாம் விட்டுவிட்டு ஊருக்கு வந்துவிடு, கோவில்பட்டியிலும் கோர்ட் இருக்கிறது என்று எழுதத்தான் இன்று காலையில் பேனாவை எடுத்தேன். முதல் இரண்டு காகிதம் அப்படித்தான் எழுதினேன், கிழித்துப் போட்டாயிற்று. அம்மாவுக்கு இந்த வவுச்சர் விஷயம் தெரியாது. வாத்தியார் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவர் வீட்டம்மா அதே தெருவில்தான் இருக்கிறார், கண் மங்கிவிட்டது. நேற்று மார்க்கெட் போகிற வழியில் அந்த வாசல் வரைக்கும் போனேன். கேட்டில் அவர் சைக்கிள் இன்னும் சாத்தியிருக்கிறது, டயர் இல்லை. திரும்பி வந்துவிட்டேன். நீ வரும்போது கூட வருகிறாயா?

கடலை மிட்டாய் இரண்டு கிலோவும் கருப்பட்டி ஒரு கிலோவும் பார்சல் அனுப்பியிருக்கிறேன். ஆபீசில் இருக்கிற பிள்ளைகளுக்கும் கொடு. ஆபீஸ் பூட்டியிருந்தால் வீட்டுக்கே வரட்டும் என்று இரண்டு விலாசமும் எழுதினேன். ஸ்வெட்டர் போட்டுக்கொள்.

போன் வேண்டாம். போஸ்ட் ஆபீசில் ஐம்பது பைசாவுக்குக் கார்டு கிடைக்கும். சௌக்கியம் என்று ஒரு வரி எழுதி, உன் கையெழுத்துப் போட்டு அனுப்பு. கார்டை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், படிக்கட்டும்.

அன்புடன்,
அப்பா