மிதிபலகையில் உறையும் பனி: நண்பனுக்கு ஒரு கடிதம்

சட்பரி, ஒன்ராறியோ
19.01.2025

அன்பு நண்பன் குலேந்திரனுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் வீட்டாரின் நலமறிய அவா. உன் கடிதம் தைப்பொங்கலுக்கு மறுநாள் கிடைத்தது. முப்பது வருடத்துக்கு மேலாக மீன் தொழிற்சாலைக்கும் வீட்டுக்கும் நடுவே மட்டும் நடந்த நீ, இப்போது பனிமேல் ஓடும் பழைய ஸ்னோமொபைல் வண்டி ஒன்றை வாங்கி மலைக் குடிலுக்குப் போய்வருகிறாய் என்று அறிந்ததில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி. நோர்வேயில் நீங்கள் அதை ஸ்கூட்டர் என்கிறீர்கள், இங்கே கனடாவில் ஸ்லெட் என்கிறார்கள். பெயர் எதுவானாலும் நீ சொல்லும் தொல்லை இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். அரை மணி நேரம் ஓடுவதற்குள் கால் வைக்கும் பலகை இரண்டிலும் பனி இறுகிக் கல்லாகிவிடுகிறது என்றும், எந்த ஸ்பிரே வாங்கி அடிக்கலாம் என்றும் கேட்டிருந்தாய். ஸ்பிரேயைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், ஏனென்றால் அது கடைசியில் யோசிக்க வேண்டிய விடயம்.

இது சின்னத் தொல்லை என்று நினைத்துவிடாதே. பலகையின் நீளம் 120 சென்ரிமீற்றர், அகலம் 20, அதன்மேல் 5 சென்ரிமீற்றர் உயரத்துக்குப் பனி இறுகியிருக்கிறது என்று வைத்துக்கொள். அது 12 லீற்றர் கனவளவு. மிதிபட்டு இறுகிய பனியானால் ஒரு பக்கத்துக்கு ஆறு கிலோ, முழுக்க ஐஸ் ஆகிவிட்டால் பதினொரு கிலோ. அந்தப் பாரத்தைக்கூட வண்டி தாங்கும். தாங்காதது நம்முடைய கால். இந்த வண்டியைக் கைப்பிடியால் மட்டும் திருப்ப முடியாது என்பதை நீ இதற்குள் உணர்ந்திருப்பாய். சரிவில் எழுந்து நின்று, ஒரு பக்கப் பலகையில் உடம்பின் பாரம் முழுவதையும் இறக்கினால்தான் அது நாம் நினைத்த பக்கம் சாயும். பருத்தித்துறை பஸ்ஸின் மிதிபலகையில் ஒற்றைக் காலை ஊன்றித் தொங்கிப் பள்ளிக்கூடம் போனோமே, அந்த ஒற்றைக் கால்தான் இங்கேயும் உயிரைக் காக்கிறது.

சென்ற வருடம் பெப்ரவரியில் நான் வானபிட்டே ஏரிக்கு மீன் பிடிக்கப் போனதை உனக்கு எழுதவில்லை. உன்னைக் கவலைப்படுத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன். ஏரியின் ஐஸ் தடிப்பாகத்தான் இருந்தது. ஆனால் புதிதாகப் பெய்த பனியின் பாரத்தால் ஐஸ் சற்றுக் கீழே அமிழ்ந்து, வெடிப்புகளின் வழியாகத் தண்ணீர் மேலே வந்து, பனிக்கு அடியில் கூழாகத் தேங்கி நின்றது. மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. நான் அதற்குள் ஓடியபோது அந்தக் கூழ் முழுவதும் பலகையில் வந்து விழுந்தது. வேகத்தைக் குறைக்காமல் ஓடியதால் புதையாமல் தப்பினேன், ஆனால் கரைக்கு வந்ததும் நின்று பலகையைத் துடைக்கவில்லை. அது என் தவறு. கரை மேட்டில் ஏறும்போது எழுந்து நின்று இடது காலை ஊன்றினேன். கண்ணாடியில் வைத்ததுபோல் கால் வழுக்கி வெளியே போயிற்று. வண்டி என் பக்கம் சரிந்து, முழங்கால் அதன் கீழே மாட்டிக்கொண்டது. எலும்பு முறியவில்லை, ஆனால் ஆறு கிழமை கைத்தடியோடு நடந்தேன். அதன் பிறகுதான் இந்தப் பலகையை ஒரு பாடம்போல் கவனிக்கத் தொடங்கினேன்.

நான் கண்டது இதுதான்: பலகையில் பனி ஒட்டுவதில்லை, தண்ணீர்தான் ஒட்டுகிறது. புட்டுக்கு மா குழைக்கும்போது பார்த்திருப்பாய். வறுத்த மா தனியே இருந்தால் விரலிடுக்கில் உதிர்ந்துவிடும். சுடுதண்ணீர் தெளித்ததும் ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளும். மறை 25 பாகையில் பெய்யும் பனி அந்த உலர்ந்த மா. பலகையில் விழுந்தாலும் காற்றோடு போய்விடும். அதை ஒட்ட வைப்பதற்கு எங்கிருந்தோ கொஞ்சம் ஈரம் வர வேண்டும். அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தால் பாதி வேலை முடிந்தது.

அதற்கு ஒரு சுலபமான வழி உண்டு. அடுத்த முறை வண்டியை நிறுத்தியதும் பலகையில் இருப்பதன் ஒரு துண்டைப் பெயர்த்து, உடைந்த முகத்தை வெளிச்சத்தில் பார். வெள்ளையாக, தட்டுத் தட்டாக அடுக்கியதுபோல் இருந்தால் அது உன் சப்பாத்து மிதித்து இறுக்கிய பனி. நிறமில்லாமல் போத்தல் கண்ணாடிபோல் இருந்தால் அது வண்டியின் சூட்டில் உருகி வடிந்து மீண்டும் உறைந்த தண்ணீர். என் வண்டியில் இடது பலகை எப்போதும் வெள்ளை. வலது பலகையின் முன் மூலை எப்போதும் கண்ணாடி, ஏனென்றால் புகைக்குழாய் அந்தப் பக்கம் இருக்கிறது. ஒரே வண்டியில் இரண்டு பலகைக்கும் இரண்டு விதமான நோய்.

சூட்டின் கதையை விளக்கிவிடுகிறேன். திரவத்தால் குளிரும் வண்டியில், அதை முன்தள்ளும் றப்பர் பட்டி சுழலும் கூண்டின் உட்புறத்தில் அலுமினியக் குழாய்கள் பதித்திருக்கும். எஞ்சினைக் குளிர்த்தும் கூலன்ட் அவற்றின் வழியாக ஓடுகிறது. பட்டி வாரி எறியும் பனி அந்தக் குழாய்களைக் குளிர்விக்கிறது. அப்படிக் குளிர்விக்கும் பனி உருகத்தான் வேண்டும். கூண்டின் வெளிச்சுவரும் சூடாகி, அதன்மேல் விழும் பனியும் உருகி, சுவர் பலகையைச் சந்திக்கும் மூலையில் வடிந்து அங்கே உறைகிறது. கியூபெக்கின் வல்கூர் ஊரில் ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியே 1959இல் ஸ்கி-டூவை விற்பனைக்கு விட்டபோது அதில் காற்றினால் குளிரும் சிறிய எஞ்சின்தான் இருந்தது. அந்த வண்டிகளின் கூண்டில் இந்தச் சூடு இல்லை. உன் வண்டி விசிறியால் குளிர்வதா, திரவத்தால் குளிர்வதா என்று நீ எழுதவில்லை. விசிறி என்றால் இந்தப் பாதித் தொல்லை உனக்கு இல்லை.

ஆகவே திரவத்தால் குளிரும் வண்டி என்றால், ஓடி நிறுத்திய முதல் இரண்டு மூன்று நிமிடம்தான் முக்கியம். தலைக்கவசத்தைக் கழற்றுவதற்கு முன்பே ஒரு கைத்தூரிகையால் மூலைகளைத் துடைத்துவிடு. அப்போது அது கூழ். தேநீர் குடித்துவிட்டு வந்தால் அது கல். புறப்படும்போதும் அப்படித்தான். சூடான கராஜிலிருந்து வண்டியை எடுத்த கையோடு ஓடினால், சூட்டோடு இருக்கும் பலகையில் விழும் முதல் பனி உருகி அடித்தட்டாக உறைந்துவிடும். மற்றதெல்லாம் அதன்மேல் ஏறும். அரை மணி நேரம் வெளியே நிறுத்தி, அலுமினியம் வெளிக்குளிருக்கு வந்த பிறகு ஏறு. சப்பாத்தையும் வாசல் விறாந்தையில் வைத்துக் குளிரவிடு. அடுப்படிச் சூட்டோடு இருக்கும் சப்பாத்து அடி ஒவ்வொன்றும் பலகைக்குத் தண்ணீர் கொண்டுபோகிறது. கால் குளிரும் என்று உன் மனைவி சொல்வார். உள்ளே கம்பளிக் காலுறை இருக்கும்போது வெளிப்பக்கம் குளிர்வதால் ஒன்றும் வராது.

இனி உன் ஊரின் நிலைமை. இங்கே நடு மாரியில் பனி பெரும்பாலும் உலர்ந்தது. உங்கள் வராங்கர் குடாநாட்டுக் கரையில் பேரன்ட்ஸ் கடல் மாரியிலும் உறைவதில்லை. அதனால் பூச்சியத்தை ஒட்டிய நாட்களும் ஈரப் பனியும் உனக்கு அதிகம். நான் சொன்னதையெல்லாம் செய்தாலும் அப்படிப்பட்ட நாளில் பனி ஒட்டத்தான் செய்யும். அங்கே பலகையின் அமைப்புத்தான் கைகொடுக்க வேண்டும். உன்னுடையது அடைத்த தட்டையான பலகை என்றால், பெரிய ஓட்டைகள் உள்ள பலகைக்கு மாற்றுவதைப் பற்றி யோசி. மிதிக்கும் பனி கீழே விழுந்துவிடும். மலைச் சரிவில் ஓடும் வண்டிகள் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன. ஆனால் வண்டியின் முன்னால் உள்ள சறுக்குக் கட்டைகளும் பின்னால் சுழலும் பட்டியும் எறியும் பனி ஓட்டையின் வழியாக மேலேயும் வரும். அதனால் கால்விரல் நுழையும் முன்பகுதியை மட்டும் பிளாஸ்டிக் தகட்டால் மூடிவிடுவது நல்லது. ஒன்றை மட்டும் செய்யாதே: உள்ள பலகையில் நீயாகத் துளையிடாதே. என் முந்திய வண்டிக்கு ஒரு கடையில் அப்படிச் செய்து தந்தார்கள். துளையின் விளிம்பை மடித்து விறைப்பாக்காமல் விட்டதால் இரண்டாவது மாரியிலேயே பலகை வெடித்து, என் பாரத்தில் வளைந்தது.

பலகையை மாற்ற முடியாவிட்டால், குதிக்கால் படும் இடத்தில் ஐந்தாறு மில்லிமீற்றர் தடிப்பான, தண்ணீர் உறிஞ்சாத நுரை றப்பரை ஒட்டு. அலுமினியத்தின் சூடும் குளிரும் அதன் மேற்புறத்துக்கு எளிதில் வராது. அதோடு ஒவ்வொரு மிதியிலும் அது நசுங்கி நிமிர்வதால் மேலே படியும் ஐஸ் தானாக வெடித்து உதிரும். நான் செய்தவற்றில் மிகவும் பயன் தந்தது இதுதான். ஒட்டும் வேலையைச் சூடான இடத்தில், எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்த பிறகு செய். விளிம்புகளைப் பசையால் அடைத்துவிடு, இல்லையென்றால் அடியில் புகும் தண்ணீர் உறைந்து அதைக் கிளப்பிவிடும். மணற்கடதாசி போன்ற சொரசொரப்பான ஒட்டுத்தாளை யாராவது பரிந்துரைத்தால் வாங்காதே. ஐஸுக்கு அதைவிட நல்ல பிடி கிடையாது. பிடிப்புக்கு உயரமான சில பற்கள் போதும்.

இப்போது ஸ்பிரே. சிலிக்கோன் ஸ்பிரேயைக் கூண்டின் பக்கச் சுவரிலும் பலகையின் அடிப்புறத்திலும் அடிக்கலாம். ஒன்றிரண்டு ஓட்டத்துக்குத் தாங்கும். கால் படும் இடத்தில் ஒருபோதும் அடிக்காதே, பனியில்லாமலேயே வழுக்கும். பிரேக் தட்டிலும், எஞ்சினின் சக்தியைக் கடத்தும் பெல்ட்டிலும் படக்கூடாது. உப்பு போடாதே, அலுமினியத்தைத் தின்றுவிடும். சுடுதண்ணீர் ஊற்றினால் நீயே ஐஸ் வார்த்ததாகிவிடும். இறுகியதை உடைக்க இரும்பு வேண்டாம். அது கீறிய கோடுகளில்தான் அடுத்த முறை ஐஸ் முதலில் பற்றும். நான் றப்பர் சுத்தியலால் பலகையின் அடியிலிருந்து தட்டிவிட்டு, பிளாஸ்டிக் சுரண்டியால் வழித்துவிடுகிறேன். இரண்டையும் இருக்கைக்குப் பின்னால் கட்டி வைத்திருக்கிறேன். சரிவு ஏறுவதற்கு முன் ஒவ்வொரு முறையும் இறங்கிப் பார்க்கிறேன்.

முழங்கால் இப்போது நன்றாக இருக்கிறது, படி இறங்கும்போது மட்டும் கொஞ்சம் நோகிறது. வரும் சனிக்கிழமை மகனோடு மறுபடி வானபிட்டேக்குப் போகிறேன். இந்த முறை கரையோரமாக, மற்றவர்கள் ஓடி இறுகிய தடத்தில். நீ அடுத்த முறை குடிலுக்குப் போய் வந்ததும், உடைத்த துண்டு வெள்ளையா கண்ணாடியா என்று மறக்காமல் எழுது. இரண்டு பலகையையும் தனித்தனியே பார்.

உன் அன்பு நண்பன்,
தேவராசா