நால்வருக்கு நடுவே ஐந்தாவதாக ஒரு மைக்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாட்டு இளைஞர்களின் ஸ்டிரிங் குவார்ட்டெட் குழுக்கள் அவ்வப்போது சென்னைக்கு வந்து வாசித்துவிட்டுப் போகின்றன. இங்கேயே மேற்கத்திய இசை பயிலும் பிள்ளைகளும் நாலு பேராகச் சேர்ந்து மேடை ஏறுகிறார்கள். இந்தக் கச்சேரிகளுக்கும் தங்கள் கலைப் பக்கத்தில் இடம் தருகிறீர்கள், அதற்கு நன்றி. ஆனால், ‘நடு வாத்தியங்கள் கேட்கவில்லை’, ‘சுருதி அங்கங்கே விலகியது’ என்ற இரண்டு புகார்கள் விமர்சனங்களில் எழுகிறபோதெல்லாம் பழி வாசித்த பிள்ளைகள் தலையில்தான் விழுகிறது. அவர்களுக்கு வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை. அந்த இரண்டு குறைகளிலும் அரங்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு, அதிலும் மைக்குக்கு முதல் பங்கு. இதை ஏற்பாட்டாளர்களும் ரசிகர்களும் தெரிந்துகொண்டால் நல்லது.

இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. இதுதான் குவார்ட்டெட். இதில் இரண்டாம் வயலினும் வியோலாவும்தான் நடு வாத்தியங்கள். வியோலாவைப் ‘பெரிய வயலின்’ என்று எழுதிவிட்டுப் போகிறார்கள். வயலினின் உடல் நீளம் சுமார் 35.5 செ.மீ. வியோலா அதற்கு ஒரு பஞ்சமம் (ச-வுக்கும் ப-வுக்கும் உள்ள இடைவெளி) கீழே ஒலிக்க வேண்டும். அந்தக் கணக்குப்படி உடல் 53 செ.மீ. இருந்திருக்க வேண்டும். அவ்வளவு நீளத்தைத் தோளில் தாங்க முடியாது என்பதால் 40, 42 செ.மீ. அளவிலேயே நிறுத்திவிட்டார்கள். அதன் குரலில் இருக்கும் கம்மல் இப்படி வந்ததுதான். அதுவே அதன் அழகும். மைக் செட்காரர் காதுக்கு அது ‘டல்’லாகப் படும். உடனே ட்ரெபிளைத் திருகுவார். அதோடு வியோலா போய்விடும், மேடையில் மூன்று வயலின் வாசிப்பது போல் இருக்கும்.

குவார்ட்டெட்டில் எந்த நொடியில் யார் குரல் மேலே வர வேண்டும், யார் ஒதுங்க வேண்டும் என்பதை அந்த நால்வரே வில்லின் எடையாலும் வேகத்தாலும் முடிவு செய்கிறார்கள். மாதக்கணக்கில் ஒத்திகை பார்ப்பது பெரும்பாலும் இதற்காகத்தான். வாத்தியத்துக்கு ஒன்றாக நாலு மைக் வைத்துவிட்டால் அந்த முடிவு மிக்சரில் உட்கார்ந்திருப்பவர் கைக்குப் போய்விடுகிறது. பாட்டு முதல் வயலினில்தான் இருக்கும் என்று நம்பி அவர் அதை ஏற்றி வைப்பார். உண்மையில் அப்போது பாட்டு செல்லோவில் இருக்கலாம். ஹங்கேரி இசையமைப்பாளர் பார்டோக் 1928-இல் எழுதிய நாலாவது குவார்ட்டெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டாம் பகுதி முழுவதும் தந்திகளைத் தாங்கும் குதிரைமேல் ஒலியை அடக்கும் மியூட் மாட்டி, காதோடு கிசுகிசுப்பதுபோல் வாசிக்க வேண்டியது. நாலாம் பகுதியில் வில்லுக்கே வேலையில்லை, தொடக்கம் முதல் முடிவு வரை விரலால் மீட்ட வேண்டும். மைக்கில் முதலாவது, ‘சத்தம் குறைந்துவிட்டது’ என்று ஏற்றப்பட்டுக் காதில் அறையும். இரண்டாவது தகர டப்பாவில் கல் போட்டதுபோல் கேட்கும். குதிரையில் கவ்வி வைக்கும் சின்ன மைக் இன்னும் மோசம். அதன் எடையே ஒரு மியூட் போல வேலை செய்து வாத்தியத்தின் மேல்குரலைக் கட்டிவிடும்.

மைக் இல்லாமல் கடைசி வரிசைக்கு எப்படிக் கேட்கும் என்பார்கள். லண்டனில் 1901-இல் திறந்த விக்மோர் ஹாலில் ஏறத்தாழ 550 இருக்கைகள். குவார்ட்டெட்டுக்கு அங்கே மைக் வைப்பதில்லை, கடைசி வரிசைக்கும் கேட்கிறது. நம் அரங்குகளில் கேட்காமல் போவதற்குக் காரணம் துணி. மேடையின் பின்புறம் கறுப்பு வெல்வெட் திரை, தரையில் கம்பளம், இரண்டு பக்கமும் மடிப்பு மடிப்பாகச் சீலை. வயலினின் மேல்குரலை முதலில் விழுங்குவது இவைதான். பின்திரையை ஒதுக்கிச் சுவரைத் திறந்து விடுங்கள், கம்பளத்தைச் சுருட்டி வையுங்கள், நால்வரையும் மேடையின் முன்விளிம்பை ஒட்டி உட்கார வையுங்கள். உள்ளே தள்ளி உட்கார்ந்தால் ஒலியில் பெரும்பகுதி திரை தூக்கும் கூடத்துக்குள் ஏறிப் போய்விடும். பின்னால் சுவர் இல்லையென்றால் 18 மி.மீ. பிளைவுட், எட்டுக்கு நாலு அடிப் பலகை ஐந்தை அரைவட்டமாக நிறுத்தினால் போதும். செலவை மிச்சம் பிடிக்க 6 மி.மீ. பலகை வாங்க வேண்டாம். அது தானே அதிர்ந்து செல்லோவின் அடிக்குரலைத் தின்றுவிடும். பலகைகளை முட்டுக்கொடுத்து இறுக்கி, கையால் தட்டிப் பாருங்கள். கடகடவென்றால் இன்னும் இறுக்க வேண்டும்.

மேடை நிறைந்து தெரியட்டும் என்று நால்வரையும் எட்டடி, பத்தடி இடைவெளியில் உட்கார வைப்பதும் நடக்கிறது. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 340 மீட்டர்தான் போகும். பத்தடி தள்ளியிருப்பவரின் தாக்கு காதுக்கு வந்து சேர ஏறக்குறைய 9 மில்லி நொடி ஆகும். வேகமான பகுதியில் அந்த இடைவெளியே நால்வரையும் தயங்க வைக்கும். அதைவிட, பக்கத்தில் இருப்பவர் மூச்சிழுப்பது தெரியாமல் போவது பெரிய நஷ்டம். குவார்ட்டெட்டில் தாளம் போடுபவர் யாரும் இல்லை, எடுப்பு மூச்சில்தான் இருக்கிறது. நால்வருக்கும் சேர்த்துப் பத்தடிக்குப் பத்தடி இடம் தாராளம்.

திறந்தவெளி, அல்லது துணியை அகற்றவே முடியாத பெரிய அரங்கு என்றால் மைக் தவிர்க்க முடியாதுதான். அப்போதும் வாத்தியத்துக்கு ஒன்று வேண்டாம். நால்வருக்கும் முன்னால் இரண்டு மீட்டர் தள்ளி, இரண்டரை முதல் மூன்று மீட்டர் உயரத்தில், பக்கம் பக்கமாக ஒரு ஜோடி மைக் வைத்தால் போதும். வாசிப்பவர்கள் தங்கள் ஒலியைக் கேட்க மேடையில் வைக்கும் மானிட்டர் பெட்டி தேவையில்லை. ஸ்பீக்கர் ஓடுகிறது என்பதே முன்வரிசைக்குத் தெரியாத அளவில் வைத்துவிட்டு, பிறகு அந்தக் குமிழை யாரும் தொடக்கூடாது.

இனி சுருதி. கர்நாடக சங்கீதம் கேட்டுப் பழகிய காதுக்கு இது சட்டென்று புரியும். செல்லோவுக்கும் வியோலாவுக்கும் அடித்தந்தி ஸி. அதிலிருந்து ஜி, டி, ஏ, ஈ என்று நாலு பஞ்சமம் ஏறினால் வயலினின் மேல்தந்தி வரும். ஸி-யை ஷட்ஜமமாக வைத்துப் பார்த்தால் ஈ அந்தர காந்தாரம். நாலு பஞ்சமத்தையும் சுத்தமாகச் சேர்த்தால், ஸ்தாயியைக் கழித்தபின் அந்தக் காந்தாரம் 81/64 என்ற விகிதத்தில் நிற்கிறது. தம்பூராவில் தானாக எழும் காந்தாரமோ 5/4, அதாவது 80/64. இந்த எண்பதில் ஒரு பங்கு வித்தியாசம் காதில் முள்ளாகக் குத்தும். தந்திகளை ச-ப-ச-ப என்று வைக்கும் நம் வித்வான்களுக்கு இந்தத் தொல்லை கிடையாது. குவார்ட்டெட்காரர்கள் இதற்காகச் செல்லோ, வியோலாவின் ஸி, ஜி தந்திகளை ஒரு நூல் ஏற்றி, பஞ்சமங்களைச் சற்றே குறுக்கிச் சேர்க்கிறார்கள். இது அவசரத்தில் ஆகிற காரியமில்லை. வரவேற்புரைக்கும் விளக்கேற்றுவதற்கும் இடையில் மேடையில் நின்று சுருதி சேர்த்துக்கொள்ளச் சொன்னால் சேராது. சத்தமில்லாத தனி அறையில் கால் மணி நேரமாவது கொடுங்கள். பேச்சு, அறிமுகம் எல்லாம் அதற்கு முன்பே முடிந்துவிட வேண்டும். வாத்தியங்கள் விளக்கடியில் காய்ந்துகொண்டிருக்க, சிறப்பு விருந்தினர் இருபது நிமிடம் பேசினால் சேர்த்ததெல்லாம் வீண். சூட்டில் தந்தி தளரும், சுருதி இறங்கும். பீத்தோவனின் ஓபஸ் 131 (ஓபஸ் என்றால் படைப்பு எண்) மாதிரி ஏழு பகுதிகளையும் நிறுத்தாமல் ஏறத்தாழ 40 நிமிடம் வாசிக்க வேண்டிய உருப்படி என்றால், நடுவே தந்தியை முறுக்கும் பிரடையைத் தொடவே வாய்ப்பில்லை.

நம் கடற்கரை ஈரம் தனிக்கதை. இந்த வாத்தியங்களுக்கு 40 முதல் 60 சதவீத ஈரப்பதம் ஒத்துப்போகும். வெளிக்காற்றில் பிரடை உப்பி அசையாது. ஏசி அறையில் ஒரு மணி நேரம் இருந்தால் சுருங்கித் தானாகவே நழுவும். வில்லின் குதிரைவால் முடி ஈரத்தில் நீண்டு தொய்ந்துவிடும், திருகை எவ்வளவு முடுக்கினாலும் விறைப்பு வராது. மூட்டுகளை ஒட்டியிருப்பது விலங்குப் பசை. வெயிலில் நின்ற கார் டிக்கியில் வைத்து எடுத்தால் பசை இளகி ஓரம் விட்டுக்கொடுக்கும், பிறகு சில சுரங்களில் மட்டும் ‘கிர்’ என்று ஓர் ஒலி வரும். ஆகவே கலைஞர்களை இரண்டு மணி நேரம் முன்னதாகவே அரங்குக்கு அழைத்து வாருங்கள். கச்சேரியின்போது எந்தக் குளிரில் வாசிக்கப் போகிறார்களோ அதே குளிரில் அப்போதே ஏசியை ஓட விடுங்கள். பெட்டியைத் திறக்காமல் அரை மணி நேரம் வைத்திருந்து பிறகு வாத்தியத்தை வெளியே எடுப்பது அவர்கள் பொறுப்பு. கூட்டம் வந்தபின் ஏசியைக் கூட்டுவது, சத்தம் வருகிறதென்று நடுவில் அணைப்பது இரண்டும் கூடாது.

நாற்காலி சின்ன விஷயமாகத் தெரியும். கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் செல்லோ வாசிக்க முடியாது, வில் போகும் கை இடிக்கும். கைப்பிடியில்லாத, பின்பக்கம் சரியாத, 45 செ.மீ. உயரமுள்ள தட்டை நாற்காலி நாலு வேண்டும். செல்லோவைத் தரையில் ஊன்றும் அடிமுள் கிரானைட் தரையில் வழுக்கி ஓடும். நாற்காலிக் காலில் பட்டை கட்டி முள்ளை அதில் ஊன்றிக்கொள்ளலாம். அதைவிட நல்லது ஓரடி உயர மரமேடை. முள் பதியும், பலகை சேர்ந்து அதிர்ந்து அடிக்குரலுக்கு உடம்பு கொடுக்கும். ஆளுக்கொரு ஸ்டாண்டும், மின்விசிறி ஓடுகிற இடமென்றால் தாளைப் பிடிக்கத் துணிக் கிளிப்பும் வேண்டும்.

கைதட்டல் பற்றியும் ஒரு வார்த்தை. பகுதிகளுக்கு நடுவே தட்டியவர்களைக் கண்டித்து வாசகர்கள் எழுதுகிறார்கள். பீத்தோவனுக்கு முந்தைய தலைமுறை இசையமைப்பாளர் ஹைடன் காலத்தில் நடுவில் தட்டுவது வழக்கம்தான். அவரோ ரசிகர்களோடு விளையாடவே செய்தார். 1781-இல் எழுதிய ஓபஸ் 33-இன் இரண்டாவது குவார்ட்டெட்டில், முடிந்தது போல் நிறுத்தி, மறுபடி எடுத்து, மறுபடி நிறுத்தி, கடைசியில் தொடங்கிய வரியிலேயே விட்டுவிட்டுப் போவார். அதில் தவறான இடத்தில் தட்டாவிட்டால்தான் வியப்பு. பக்கத்தில் இருப்பவரை ‘உஷ்’ என்று அடக்குகிறவர் போடும் சத்தம்தான் மேடைக்கு அதிகம் கேட்கிறது.

இளைஞர்கள் என்பதால் சலுகை காட்டச் சொல்லவில்லை. பீத்தோவனின் ஓபஸ் 127 குவார்ட்டெட்டை 1825 மார்ச்சில் வியன்னாவில் முதலில் தன் குழுவோடு வாசித்தவர் பழுத்த அனுபவசாலியான வயலின் கலைஞர் ஷுப்பான்சிக். ஒத்திகை போதவில்லை, கச்சேரி எடுபடவில்லை. பீத்தோவன் அதே உருப்படியை இளைய வயலின் கலைஞரான யோசெப் பேமிடம் ஒப்படைத்தார். காது கேளாத பீத்தோவன் ஒத்திகையில் உட்கார்ந்து, நாலு வில்லும் போகும் போக்கைக் கண்ணால் பார்த்தே காலப்பிரமாணத்தின் சிறு பிசகைக்கூடத் திருத்தினாராம். அந்த முறை எடுபட்டது. வில்லைப் பார்ப்பது ரசிகருக்கும் நல்ல பழக்கம். நாலு வில்லும் ஒரே இடத்தில், ஒரே நீளத்தில் ஓடுகின்றனவா, செல்லோவோடு முதல் வயலின் ஒட்டி நிற்கும் இடத்தில் நடு வாத்தியங்கள் எங்கே பார்க்கின்றன என்று கவனித்தால், குழு எவ்வளவு உழைத்திருக்கிறது என்பது தெரிந்துவிடும். அங்கே குறை இருந்தால் விமர்சகர் தாராளமாக எழுதட்டும். கூடவே மைக் இருந்ததா, எத்தனை, எங்கே என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதியிலும் ‘ஒலிபெருக்கி இல்லை’ என்ற இரண்டு சொற்களை அச்சிட்டால், ரசிகர்கள் நேரத்தோடு வந்து முன்வரிசைகளை நிரப்புவார்கள்.

கடைசியாக, பொன்னாடை. கச்சேரி முடிந்த பிறகு போர்த்துங்கள். செல்லோ கலைஞருக்குப் போர்த்தும் முன் வாத்தியத்தை அவர் பக்கவாட்டில் படுக்க வைத்துவிட்டு எழுந்திருக்க அரை நிமிடம் பொறுங்கள். தண்ணீர் தெளித்த ரோஜா மாலையை மட்டும் தயவுசெய்து மேடைக்குக் கொண்டுவர வேண்டாம். அந்த ஈரம் வார்னிஷில் பட்டால் வெள்ளையாகத் திட்டு விழும்.

இப்படிக்கு,
மேற்கத்திய நரம்பிசை ஆசிரியர்கள் சிலர்,
சென்னை