சேவை நின்றுபோகும் நாளுக்கும் திட்டம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு நிர்வாகத்தில் புதிய தொழில்நுட்பம் பற்றிப் பேசும்போதெல்லாம், எத்தனை சேவைகள் இணையத்துக்கு வந்துவிட்டன என்பதே சாதனையாகக் கணக்கிடப்படுகிறது. அந்தச் சேவை ஒருநாள் நின்றுபோனால் மக்கள் எங்கே போவார்கள், எத்தனை மணி நேரத்தில் அது மீண்டும் இயங்கும், அதற்குப் பொறுப்பேற்பவர் யார் ஆகிய கேள்விகள் பெரும்பாலும் விபத்துக்குப் பிறகே எழுகின்றன. கணினிமயமாக்கலை ஒரு துறையும் பேரிடர் மேலாண்மையை மற்றொரு துறையும் தனித்தனியாகக் கவனிப்பதே இதற்கு முதன்மையான காரணம் என்று கருதுகிறேன்.

மின்னாளுகையில் உலகின் முன்வரிசையில் உள்ள தென்கொரியாவுக்கே இது நேர்ந்திருக்கிறது. 2025 செப்டம்பர் 26 அன்று, டேஜான் நகரிலுள்ள அரசுத் தரவு மையத்தில் லித்தியம் அயனி மின்கலங்களை இடம் மாற்றும் பணியின்போது தீப்பிடித்தது. அஞ்சலக வங்கிச் சேவை, கைபேசி அடையாள அட்டை உள்ளிட்ட 600க்கும் மேற்பட்ட அமைப்புகள் முடங்கின. அவற்றில் பலவற்றைப் படிப்படியாக மீட்க முடிந்தது. ஆனால், அரசு ஊழியர்கள் தங்கள் பணி ஆவணங்களைச் சேமித்து வந்த ‘ஜி டிரைவ்’ என்னும் சேமிப்பகம், ஏறத்தாழ 858 டெராபைட் தரவுகளோடு அழிந்துபோனது. அதற்கு வெளியே வேறெங்கும் நகல் இல்லை. கொள்ளளவு மிகப் பெரிது என்பதே நகல் எடுக்காததற்குச் சொல்லப்பட்ட காரணம். அவ்வளவு பெரிய அளவில் அரசின் உழைப்பு ஓரிடத்தில் குவிந்திருந்தது என்பதே நகல் எடுத்திருக்க வேண்டியதற்கான காரணமும் அல்லவா? ஆவணங்களைத் தனிக் கணினிகளில் வைக்காமல் அங்கேயே சேமிக்கும்படி ஊழியர்களை அறிவுறுத்தியிருந்த நிலையில், அவர்களைக் குறைசொல்லவும் வழியில்லை.

இதற்கு நேர்மாறான பாதையில் சென்றது எஸ்தோனியா. 2007ஆம் ஆண்டு அந்நாட்டின் நாடாளுமன்றம், வங்கிகள், செய்தி நிறுவனங்கள் ஆகியவற்றின் இணையதளங்கள் தொடர் தாக்குதலுக்கு உள்ளான பிறகும், மின்னாளுகையிலிருந்து அது பின்வாங்கவில்லை. மாறாக, முக்கியப் பதிவேடுகளின் நகல்களை நாட்டுக்கு வெளியே பாதுகாக்க லக்சம்பர்க்குடன் 2017இல் ஒப்பந்தம் செய்து, தூதரகத்துக்கு நிகரான சட்டப் பாதுகாப்பு கொண்ட தரவு மையத்தை அங்கே நிறுவியது. உக்ரைனில் அரசுத் தரவுகளை வெளிநாட்டில் வைக்கச் சட்டமே தடையாக இருந்தது. 2022 பிப்ரவரியில், ரஷ்யாவின் படையெடுப்புக்கு ஏறத்தாழ ஒரு வாரம் முன்புதான் நாடாளுமன்றம் அதைத் திருத்தியது. போர் தொடங்கிய சில நாட்களிலேயே அரசுத் தரவு மையம் ஒன்று ஏவுகணைத் தாக்குதலுக்கு இலக்கானதை எண்ணிப் பார்த்தால், அந்தத் திருத்தம் இன்னும் சில வாரங்கள் தள்ளிப்போயிருந்தால் என்னவாகியிருக்கும் என்ற அச்சம் எழுகிறது. ஆகவே, வன்பொருள் வாங்குவதற்கு ஒதுக்கும் அக்கறையில் ஒரு பங்கையாவது சட்டத் தடைகளை முன்கூட்டியே நீக்குவதற்கு அரசுகள் ஒதுக்க வேண்டும்.

நெருக்கடி வேளையில் விலையுயர்ந்த கருவியே கைகொடுக்கும் என்றும் சொல்வதற்கில்லை. 2020இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான டோகோவின் அரசு, ஊரடங்கால் வருமானம் இழந்த முறைசாராத் தொழிலாளர்களுக்கு, வாக்காளர் பதிவேட்டைக் கொண்டு தகுதியைச் சரிபார்த்து, சாதாரணக் கைபேசி வழியாகவே பணம் அனுப்பியது. அதே ஆண்டு இங்கிலாந்தில், பழைய வடிவிலான எக்செல் கோப்பு குறிப்பிட்ட வரிசைகளுக்கு மேல் ஏற்காததால், 15,841 கொரோனா தொற்றுகள் உரிய நேரத்தில் கணக்கில் சேரவில்லை. தொற்றுக்கு உள்ளானவர்களோடு தொடர்பில் இருந்தவர்களைத் தேடும் பணியும் தாமதமாயிற்று. வங்கதேசத்தில் செயற்கைக்கோள் தரும் புயல் முன்னறிவிப்பைக் கொடியோடும் ஒலிபெருக்கியோடும் வீடுவீடாகக் கொண்டுசேர்ப்பவர்கள், 1970ஆம் ஆண்டுப் பெரும்புயலுக்குப் பின் உருவாக்கப்பட்ட தன்னார்வத் தொண்டர் படையினர். மின்சாரமும் கைபேசிக் கோபுரமும் விழுந்துவிட்ட பின்னும் இயங்கக்கூடிய ஏற்பாடு அது.

எனவே எந்த அரசும் புதிய அமைப்பை ஏற்கும் ஒப்பந்தத்திலேயே, வேறிடத்தில் நகல் வைப்பதையும், அமைப்பு முடங்கும் நாட்களில் காகிதத்திலோ நேரிலோ சேவை தருவதற்கான மாற்று வழியையும் கட்டாய நிபந்தனைகளாக்க வேண்டும். ஒப்பந்ததாரரின் ஆட்கள் போய்விட்டாலும் அமைப்பின் உள்விவரம் அறிந்த நிரந்தர ஊழியர்கள் அரசுக்குள் இருக்க வேண்டும்; இதை ஊதியச் செலவாக மட்டும் பார்ப்பது தவறு. எல்லாவற்றுக்கும் மேலாக, நகலிலிருந்து சேவையை மீட்டெடுக்க முடிகிறதா என்று ஆண்டுக்கொரு முறையேனும் உண்மையான ஒத்திகை நடத்தி, எவ்வளவு நேரம் பிடித்தது, எது மீளவில்லை என்ற விவரங்களை மக்கள் பிரதிநிதிகளின் அவையில் வைக்க வேண்டும். பாதுகாப்புக் கருதி வெளியிட முடியாத நுணுக்கங்கள் இருக்கலாம். ஆனால் ஒத்திகை நடந்ததா, அதில் தேறியதா என்பதை மறைக்க எந்தக் காரணமும் இல்லை.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்