நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பகுதிகளில் ஆட்டுப்பட்டிக்குள் தெருநாய்கள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வது பற்றித் தாங்கள் தொடர்ந்து செய்தி வெளியிடுகிறீர்கள். அந்தப் பட்டிகளுக்குக் காவல் கிடக்கும் எங்கள் தோட்டத்து நாய்கள் படும் பாட்டையும் யாராவது எழுத வேண்டும் என்றுதான் இக்கடிதம்.

ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தெள்ளுப்பூச்சி பெருகிவிடுகிறது. நாயைப் பிடித்துக் கட்டி மருந்து தடவுகிறோம். பத்து நாள் கழித்து அது மறுபடியும் சொறிகிறது. மருந்து போலி என்று கடைக்காரரைத் திட்டுகிறோம். பெரும்பாலும் குறை மருந்தில் இல்லை. நாயின் மேல் ஓடுகிற பூச்சி மொத்தத்தில் நூற்றுக்கு ஐந்து பங்குதான் என்று கால்நடை மருத்துவர்கள் சொல்கிறார்கள். மீதியெல்லாம் முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் வீட்டில்தான் கிடக்கிறது: நாய் படுக்கும் சாக்கில், கயிற்றுக் கட்டிலின் அடியில், விறகு அடுக்கிய மூலையில். ஒரு பெண் பூச்சி நாளைக்கு 20 முதல் 50 முட்டை வரை இடும். அவை ரோமத்தில் ஒட்டி நிற்காமல், நாய் உடம்பை உதறும் இடமெல்லாம் உதிர்ந்துவிடும். கூட்டுக்குள் போய்விட்ட பூச்சியை எந்தத் தெளிப்பு மருந்தும் எளிதில் எட்டாது. மாதக்கணக்கில் அப்படியே கிடந்து, ஆள் நடக்கும் அதிர்விலும் உடம்புச் சூட்டிலும் வெளியே வரும். பூட்டிக் கிடந்த சாளையை (தோட்டத்து வீட்டை) திறந்து உள்ளே போனவுடன் முழங்கால் வரை கடி விழுவது இதனால்தான்.

சந்தேகம் இருந்தால் ஒரு வெள்ளைத் துணியை நனைத்துத் தரையில் விரியுங்கள். நாயின் வாலடி முதுகைப் பேன்சீப்பால் வாரி அதன்மேல் உதறுங்கள். மிளகுத்தூள் போலக் கருப்பாகப் பொடி விழும். வெறும் மண்ணாக இருந்தால் அப்படியே கிடக்கும். சற்று நேரத்தில் அதைச் சுற்றிச் செம்பழுப்பாகக் கசிந்தால் அது பூச்சியின் எச்சம், நாயின் ரத்தம். அதைத் தின்றுதான் தரையில் கிடக்கும் புழு வளர்கிறது.

ஆகவே நாய்க்கு மருந்து போடும் அன்றே சாக்கையும் பழந்துணியையும் கொதிநீரில் அலசி நல்ல வெயிலில் காயப்போட வேண்டும். கட்டில், பத்தாயம் எல்லாவற்றையும் நகர்த்தி மூலைமுடுக்குகளைக் கூட்ட வேண்டும். புழுவுக்கு நிழலும் ஈரமும் வேண்டும். வெயிலில் அது பிழைக்காது. நம் ஊர் வெயிலைவிட மலிவான மருந்து இல்லை. வீட்டில் இருக்கும் நாய், பூனை அத்தனைக்கும் ஒரே சமயத்தில் மருந்து போட்டு, மூன்று மாதமாவது விடாமல் தொடர வேண்டும். வேப்பிலைத் தண்ணீரில் குளிப்பாட்டுவதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் பூச்சி மண்டிவிட்ட வீட்டில் அது மட்டும் போதாது.

உண்ணி இன்னும் பொல்லாதது. ரத்தம் குடித்து உப்பியதும் நாயை விட்டு இறங்கிச் சுவர் ஏறி, வெடிப்பிலும் ஓட்டுச் சந்திலும் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். அது பரப்பும் எர்லிக்கியா, பபேசியா நோய்கள் நாயின் உயிரையே வாங்கக்கூடியவை. தீனி எடுக்காமல் சுருண்டு படுப்பது, ஈறு வெளுப்பது, மூக்கில் ரத்தம் வடிவது, சிறுநீர் காப்பி நிறத்தில் போவது இவற்றில் எதைக் கண்டாலும் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். மூக்கில் ரத்தத்தைப் பார்த்ததும் யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று பங்காளியோடு சண்டைக்குப் போகிறவர்களை எங்கள் பக்கம் பார்த்திருக்கிறேன். அதற்குள் நாய் போய்விடுகிறது. ரத்தப் பரிசோதனை செய்து தக்க மருந்து கொடுத்திருந்தால் பிழைத்திருக்கக்கூடும்.

மனம் பொறுக்காத இன்னொன்று. மாட்டு உண்ணிக்கு வாங்கிய மருந்தையே அளவு தெரியாமல் நாய்க்கும் ஊற்றுகிறோம். சில கடைகளில் கேட்டால் "எல்லாம் ஒன்றுதான்" என்று கொடுத்தும் விடுகிறார்கள். ஒன்றல்ல. நாய்க்கென்று விற்கும், பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த சொட்டு மருந்து பூனைக்கு நஞ்சு. பக்கத்துத் தோட்டத்துப் பூனை ஒன்று அதனால் இரவெல்லாம் உடம்பு வெட்டி வெட்டி இழுத்துக்கொண்டு கிடந்ததைக் கண்ணால் கண்டேன். மண்ணெண்ணெய் தேய்ப்பதும் அப்படித்தான். தோல் வெந்துபோகும், நக்கினால் உள்ளேயும் போகும்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் கூடுதல் கவனம் தேவை. நாடாப்புழுவின் இளம் பருவம் தெள்ளுப்பூச்சிக்குள் இருக்கும். நாயைக் கொஞ்சி விளையாடும் குழந்தை அந்தப் பூச்சியைத் தெரியாமல் விழுங்கிவிட்டால் அதன் குடலிலும் நாடாப்புழு வளரும்.

கால்நடைப் பராமரிப்புத் துறைக்கு ஒரு வேண்டுகோள். கோமாரித் தடுப்பூசி போட வரும் ஊழியர்கள் கட்டுத்தரை வரை வருகிறார்கள். மாட்டைப் பார்த்த கையோடு வாசலில் கட்டியிருக்கும் நாயையும் பார்த்து, எந்த மருந்து, எவ்வளவு எடைக்கு எவ்வளவு என்று சொல்லிவிட்டுப் போகலாம். நாய்க்கும் பூனைக்குமான உண்ணி மருந்துகளைக் கிராமக் கால்நடை மருந்தகங்களிலேயே இருப்பு வைக்க வேண்டும். நகரத்துத் தனியார் மருத்துவமனைக்கு நாயைத் தூக்கிக்கொண்டு போக பஸ்ஸிலும் இடம் தரமாட்டார்கள், காரும் எல்லோரிடமும் கிடையாது. அடுத்த மழைக்காலம் தொடங்கும் முன்பே இதற்கு ஏற்பாடு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு விவசாய வாசகி,
காங்கேயம் வட்டம், திருப்பூர் மாவட்டம்